லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை: நான்கு வருடம் அப்பாவுக்குக் கொடுத்த அனுபவம்

நான்கு வருடமாக ஒரு நாள் கூட விடாமல் எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டே இருக்கிற பொருள் இந்த மாத்திரைதான், அதனால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு பார்க்கின்சன், உடல் அசைவு மெல்ல மெல்லக் குறைந்து இறுகிப்போகிற மூளை நோய். கூட்டுறவு சங்கத்தில் காசாளராக இருந்து ரிட்டயர் ஆனவர், நோட்டுக் கட்டை விரலில் தட்டி எண்ணினால் காற்றாடி மாதிரி சத்தம் வரும். அந்தக் கை முதலில் நடுங்கவில்லை, மெதுவாகத்தான் ஆனது. சட்டைப் பொத்தான் போடுவதற்கு அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து நிமிஷம், கடைசியில் அம்மாதான் போட்டுவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. கையெழுத்து வரி முடிகிற இடத்தில் எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போகும். வயசாகிறது என்றே நாங்கள் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

நியூரோ டாக்டர் நடக்கச் சொன்னார், விரலையும் கட்டைவிரலையும் தட்டச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார், அப்புறம் இந்த மாத்திரையை எழுதினார். 100 மில்லிகிராம் லெவோடோபா, அதோடு 25 மில்லிகிராம் கார்பிடோபா. முதலில் அரை மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒரு நாளைக்கு மூன்று. மூன்றாவது வாரம் ஒரு காலை, நான் சமையலறையில் இருக்கிறேன், அப்பா வாசலில் இருந்து "ஏம்மா, பேப்பர் இன்னும் வரலையா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் சட்டை போட்டிருக்கிறார், ஏழு பொத்தானும் சரியாகப் போட்டிருக்கிறது. அம்மா போடவில்லை, நானும் போடவில்லை. அதைச் சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நின்றேன்.

அன்று ராத்திரிதான் இந்த மாத்திரையை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது அர்வித் கார்ல்சன் என்ற ஸ்வீடன்காரரின் வாழ்க்கை. இந்த மாத்திரையை வீட்டில் கொடுக்கிற ஒவ்வொருவரும் அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை, அது தெரிந்ததால்தான் பிறகு ஒரு தடவை பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தோம். அதைக் கீழே சொல்கிறேன்.

கார்ல்சன் 1923இல் உப்சாலாவில் பிறந்தவர், லுண்ட் ஊரில் மருத்துவம் படித்தவர். ஆரம்பத்தில் அவர் ஆராய்ச்சி செய்தது மூளையே இல்லை, உடம்பில் கால்சியம் எப்படிச் சேர்கிறது, எப்படிப் போகிறது என்பது. ஒரு பதவிக்குப் போட்டியிட்டபோது, கால்சியம் ஆராய்ச்சிக்கு மருந்தியலில் பெரிய இடமில்லை என்று தேர்வுக்குழு சொல்லிவிட்டது, பதவி கிடைக்கவில்லை. அவர் துறையையே மாற்றிக்கொண்டு 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடி என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அப்போது எல்லோரும் ஒரு மருந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் ரெசர்பைன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ரெசர்பைன் வந்தது நம் ஊர்ச் செடியிலிருந்து. சர்ப்பகந்தா என்கிறோமே, அதன் வேர். 1931இலேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அந்த வேர் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உதவுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார், அதன் பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா கம்பெனிக்காரர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைத் தனியாகப் பிரித்தார்கள். ரெசர்பைன் கொடுத்தால் மூளையில் இருக்கிற செரடோனின் என்ற ரசாயனம் காலியாகிவிடுகிறது என்று பிராடியின் ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வேறு ஏதாவதும் காலியாகிறதா என்று பார்க்கலாமே என்றார் கார்ல்சன். பிராடிக்கு அதில் ஆர்வமில்லை. சரி, ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன் என்று லுண்டில் இருந்த ஹில்லார்ப் என்பவரோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்.

1957. முயலுக்கு ரெசர்பைன் ஊசி. முயல் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது, காது தொங்கிவிடுகிறது, தொட்டாலும் நகராது. அந்த முயலுக்கு டோபா என்ற பொருளை (அப்பாவின் மாத்திரையில் இருக்கிற லெவோடோபா இதன் ஒரு வடிவம்தான்) ரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். கால் மணி நேரம் போலத்தான், காது நிமிர்கிறது, கண் திறக்கிறது, நடக்கிறது. செரடோனின் உண்டாக்கும் பொருளைக் கொடுத்தால் இப்படி நடக்கவில்லை, டோபாவுக்குத்தான் நடந்தது. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றில் காது தொங்கிய முயல்கள், இன்னொன்றில் காது விறைத்த அதே முயல்கள். அப்பாவின் பொத்தானைப் பார்த்த அதே வாரம் அதைப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் அவர்கள் காட்டியது இன்னும் பெரிய விஷயம். டோபமின் என்பது டோபா உடம்பில் மாறி உண்டாகிற ரசாயனம். அதுவரை அது வேறொரு பொருளாக மாறுவதற்கு முந்தைய கட்டம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது தன்னளவிலேயே மூளையில் இருக்கிறது, ரெசர்பைன் அதைக் காலி செய்கிறது, டோபா கொடுத்தால் மறுபடி நிரம்புகிறது என்று கார்ல்சனின் குழு அளந்து காட்டியது. மூளையில் டோபமின் இருப்பதை 1957இலேயே இங்கிலாந்தில் கேத்லீன் மாண்டகு என்பவரும் கண்டிருந்தார், அவர் பெயரையும் சொல்லாமல் விடக்கூடாது. பிறகு கார்ல்சனின் மாணவர்கள் அந்த டோபமினில் பெரும்பகுதி உடல் அசைவைக் கவனிக்கிற அடிமூளைப் பகுதியில்தான் இருக்கிறது என்று கண்டார்கள். ரெசர்பைன் சாப்பிட்ட மனிதர்களுக்கும் பார்க்கின்சன் மாதிரியே கை கால் இறுகிப்போவது டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதை அதோடு சேர்த்துப் பார்த்தால் பதில் கண்முன்னால்.

ஆனால் யாரும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 1960இல் லண்டனில் ஒரு கூட்டம், அந்தத் துறையின் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் நோபல் பரிசு வாங்கிய சர் ஹென்றி டேலும் ஒருவர். டோபாவை விஷம் என்கிற அளவுக்குப் பேசினார்கள். மூளையில் நரம்புகள் ரசாயனம் மூலம் பேசிக்கொள்கின்றன என்பதையே பலர் நம்பாத காலம், மின்சாரம்தான் எல்லாம் என்று நினைத்தார்கள். கார்ல்சன் சோர்ந்துபோய்த் திரும்பினார், ஆனால் விடவில்லை.

அதே 1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் என்ற ஆராய்ச்சியாளர் இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையை எடுத்துப் பரிசோதித்தார். நோய் இல்லாதவர்களின் மூளைச் சாற்றில் ரசாயனம் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். பார்க்கின்சன்காரர்களின் மூளைச் சாற்றில் நிறமே ஏறக்குறைய வரவில்லை, கருவி இல்லாமல் வெறும் கண்ணாலேயே டோபமின் இல்லை என்று பார்த்துவிட்டார். அடுத்த வருடமே டாக்டர் பிர்க்மையரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு ஊசியில் லெவோடோபா கொடுத்தார். எழுந்திருக்க முடியாதவர்கள் எழுந்தார்கள், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு வந்தபோது ஹார்னிகீவிச் விடுபட்டார், 200க்கும் மேற்பட்ட நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்திட்டு வருத்தம் தெரிவித்தார்கள். எனக்கும் அது பெரிய குறையாகத்தான் தெரிகிறது. வாயில் போடுகிற மருந்தாக இதை மாற்றியவர் அமெரிக்காவில் இருந்த ஜார்ஜ் கோட்சியாஸ், 1967இல். மிகக் குறைவாக ஆரம்பித்து வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றினார். அப்பாவுக்கு டாக்டர் அரை மாத்திரையில் ஆரம்பித்தது கூட அந்த வழிதான்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். டோபமினையே நேராகக் கொடுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, டோபமின் அதைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும், தாண்டி உள்ளே போய் டோபமினாக மாறும். ஆனால் வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும், அது டோபமினாக மாறிவிட்டால் மூளைக்கு மிச்சம் போகாது, வாந்தி மட்டும் வரும். கார்பிடோபாவுக்கு வேலை அந்த இடத்தில்தான். அது மூளைக்குள் போகாது, வெளியே நின்று வழியில் மாறுவதைத் தடுக்கும். அதைச் சேர்த்த பிறகு முன்பு தேவைப்பட்ட லெவோடோபாவில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்று ஆனது. 1970களின் நடுவில் இந்த இரண்டும் ஒரே மாத்திரையில் வந்தன, இன்றும் அதே ஜோடிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலையும் அதிகமில்லை, அப்பாவின் ஒரு நாள் மாத்திரைச் செலவு ஒரு ஹோட்டல் காபி விலைக்குள் அடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒரு பொருள் இந்த விலைக்குக் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாத்திரையின் மிகப் பெரிய சிரமம் சாப்பாட்டு நேரம். புரதத்தில் இருக்கிற அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வழியாகத்தான் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகின்றன. பருப்பு, முட்டை, பால், தயிரோடு போட்டால் மாத்திரை வரிசையில் பின்னால் நிற்கும். அப்பாவுக்கு ஐம்பது வருடமாக எழுந்தவுடன் பால் காபி. இப்போது ஆறு மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காபி. முதல் ஒரு மாதம் "காபி எப்போம்மா?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார், நடக்க முடிகிறதே என்று எனக்கு அதுவே சந்தோஷமாக இருக்கும். மதியத் தயிர் சாதத்தையும் தள்ளி வைத்துப் பார்த்தோம், மாலை நேர நடை தெளிவாக நன்றாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது, உறிஞ்சுவது குறைந்துவிடும். இதையெல்லாம் மருந்துக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை, நியூரோ டாக்டர்தான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சிறுநீர், வியர்வை கொஞ்சம் கருத்துப் போகலாம், பனியனில் கறை தெரியும், பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த ஆபத்து. இரண்டாவது வருடம், ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு விடாமல் வாந்தி. ராத்திரி பத்தரை மணி, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனோம். ஊசி போட்டு மூன்று நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி நின்றது. மறுநாள் காலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார். முகத்தில் அசைவில்லை, வாயோரம் எச்சில் வழிகிறது, கையைப் பிடித்து மடக்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி விட்டு விட்டு மடங்குகிறது. ஆறு மணி மாத்திரை போட்டாயிற்று, ஏழு மணி ஆகியும் ஒன்றும் மாறவில்லை. எனக்கு அந்த முயல்தான் ஞாபகம் வந்தது, காது தொங்கிய முயல். சீட்டைப் பார்த்தேன், மெட்டோகுளோபிரமைடு என்று இருந்தது. எதையோ அது மூளைக்குள் மறிக்கிறது என்று மனதில் பட்டது, உடனே நியூரோ டாக்டருக்குப் போன் செய்தேன். "அதை உடனே நிறுத்துங்க, இனிமே அவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது" என்றார். இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்தார்.

என் மனதில் அது படக் காரணம் கார்ல்சனின் 1963 ஆராய்ச்சி. மனநோய்க்குக் கொடுக்கிற குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் என்ற மருந்துகளை அவரும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட்டும் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரெசர்பைனைப் போலவே இவையும் உடம்பை இறுக்குகின்றன, ஆனால் மூளையில் டோபமின் குறையவில்லை. மாறாக டோபமின் உண்டாகிச் சிதைகிற வேகம் கூடியிருந்தது. அதிலிருந்து அவர்கள் யோசித்தது இதுதான்: நரம்பு டோபமினை அனுப்புகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்கிற இடம், ரிசெப்டர் என்கிறோமே, தமிழில் ஏற்பி, அது அடைபட்டுவிட்டது, செய்தி போய்ச் சேரவில்லை என்று நரம்பு இன்னும் இன்னும் அனுப்புகிறது. அப்போது அந்த ஏற்பியை யாரும் பார்த்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1970களின் நடுவில், டொரண்டோவில் பிலிப் சீமனும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரும் கதிரியக்கம் ஏற்றிய மருந்தை வைத்து அந்த ஏற்பி இருப்பதை நேரடியாகக் காட்டினார்கள். எலியின் மூளையில் கழிவுப் பொருளை அளந்தே அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டார் கார்ல்சன், அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது முயலைவிட இதுதான்.

அப்பாவுக்குப் போட்ட வாந்தி மருந்தும் அதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. மாத்திரை டோபமினைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது, வாங்கிக்கொள்ளும் கதவு சாத்தியிருக்கிறது. டோம்பெரிடோன் என்ற இன்னொரு வாந்தி மருந்து பெரும்பாலும் மூளைக்குள் போகாது, அதனால் இவர்களுக்கு அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் இதய விஷயத்தைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பார்க்கின்சன் இருப்பவர்கள் இதை ஒரு அட்டையில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள்: மெட்டோகுளோபிரமைடு வேண்டாம், ஹாலோபெரிடால் வேண்டாம். எந்த ஊர் ஆஸ்பத்திரியில், எந்த நேரத்தில் போய்ச் சேர்வோம் என்று தெரியாது. மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, அது தனி ஆபத்து.

குறைகளும் இருக்கின்றன. இந்த மாத்திரை நோயை நிறுத்துவதில்லை, டோபமின் செய்கிற செல்கள் உள்ளே அழிந்துகொண்டேதான் இருக்கின்றன, அந்த இழப்பை இது வெளியிலிருந்து ஈடுகட்டுகிறது. உடம்பில் இது தங்குவதும் கொஞ்ச நேரம்தான், ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். முதல் இரண்டு வருடம் ஒரு மாத்திரை ஐந்தாறு மணி நேரம் தாங்கியது, இப்போது நாலு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. மதியம் ஒன்றரைக்கு அப்பாவின் நடை குறுகுவதை வைத்தே இரண்டு மணி மாத்திரைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிடலாம். மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது சில நாள் தோளும் கழுத்தும் தானாக நெளிகின்றன. அது நடுக்கமில்லை, மருந்து அதிகமாக வேலை செய்வதால் வருவது. அப்பாவைக் கேட்டால் இறுகிக் கிடப்பதற்கு நெளிவது எவ்வளவோ மேல் என்பார். இப்போது மூன்று வேளை ஐந்து வேளை ஆகியிருக்கிறது, அளவைக் குறைத்து இடைவெளியையும் குறைத்திருக்கிறார் டாக்டர்.

நடுவில் சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி சூரணம் கொண்டுவந்து கொடுத்தார், இயற்கையானது, மாத்திரையை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள், கார்ல்சனின் முயலுக்கு இருபது வருடம் முன்னால். எனக்கு அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று டப்பாவில் இல்லை, அதோடு மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யார் சொல்வது? மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கடைசியாகத் தயாரிப்பாளர்களுக்கு ஒன்று, இது எந்தக் கம்பெனி மாத்திரையானாலும் பொருந்தும். கை நடுங்குபவருக்கும் விரல் இறுகியவருக்கும் என்றே செய்த மாத்திரை இது. அதை ஏன் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு கெட்டியான அட்டையில் அடைக்கிறீர்கள்? காலையில் மருந்து இறங்கியிருக்கிற நேரத்தில்தான் அவர் அதைப் பிதுக்க வேண்டும், அப்போதுதான் விரல் வேலை செய்யாது. இரண்டு முறை மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய், குனிய முடியாமல் நான் வரும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். அரை மாத்திரையாக உடைத்தால் நடுக்கோட்டில் உடையாமல் ஓரம் பொடியாகிறது. 100, 250 என்று வேறு வேறு அளவு அட்டைகள் ஒரே நிறத்தில் இருப்பதால் ஒரு கடையில் மாற்றியே கொடுத்துவிட்டார்கள், அம்மா அட்டையின் பின்பக்கம் எழுத்துக்கூட்டிப் படித்ததால் தெரிந்தது. மூடியைத் தட்டினால் திறக்கிற ஒரு டப்பா போதும், அதிகம் கேட்கவில்லை.

மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து, அட்டைக்கு ஐந்துக்கு ஒன்று. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வாரத்துக்கான மாத்திரைகளைப் பிதுக்கி, ஏழு கட்டம் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வேளை வாரியாகப் போட்டு மூடி வைக்கிறேன். முப்பத்தைந்து மாத்திரை, இருபது நிமிஷ வேலை. அப்பா எதிரில் உட்கார்ந்து, பழைய காசாளர் பழக்கத்தில், ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்து எண்ணிச் சரிபார்ப்பார்.